பேனெத் செல்கள் சுரக்கும் நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகளை ஆய்வகத்தில் அளப்பது எப்படி?

சிறுகுடலின் உட்பரப்பை மூடியிருப்பது ஒரே ஓர் அடுக்குச் செல்கள்தான். அதன் ஒரு பக்கத்தில் செரித்துக்கொண்டிருக்கும் உணவும் எண்ணற்ற பாக்டீரியாக்களும் இருக்கின்றன. மறுபக்கத்தில் இரத்த நாளங்களும் நோயெதிர்ப்புச் செல்களும் இருக்கின்றன. குடலுறிஞ்சிகளின் அடிவாரத்தில் உள்ள லீபர்கூன் குழிகளில், ஸ்டெம் செல்களுக்கு இடையிடையே அமர்ந்திருக்கும் பேனெத் செல்கள், பாக்டீரியாவைக் கொல்லும் பெப்டைடுகளை (சிறு புரதங்களை) ஓயாமல் உருவாக்கி, துகள்களில் அடைத்து, வேண்டும்போது குழிக்குள் கொட்டுகின்றன. இச்செல்களை 1872இல் குஸ்டாவ் ஷ்வால்பேயும் 1888இல் யோசப் பேனெத்தும் விவரித்துவிட்டார்கள் என்றாலும், உடலுக்கு வெளியே அவற்றை நீண்ட நாள் உயிரோடு வைத்து ஆராயும் வழி வெகுகாலம் இல்லாமலே இருந்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகத்தில் தோஷிரோ சாட்டோவும் சகாக்களும் 2009இல் சுண்டெலியின் குடல் ஸ்டெம் செல்லிலிருந்து ஆர்கனாய்டுகளை, அதாவது குடல் எபிதீலியத்தின் முப்பரிமாணக் குறுவடிவங்களை, வளர்த்துக் காட்டிய பிறகே அந்த வழி திறந்தது.

திசு வளர்ப்பில் அடிப்படைப் பயிற்சி பெற்று, இத்துறையில் புதிதாக நுழையும் ஆய்வு மாணவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. செய்முறைக்குள் போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெப்டைடுக்கான ஜீன் இயங்குகிறதா, பெப்டைடு செல்லுக்குள் சேர்ந்திருக்கிறதா, அது வெளியே சுரக்கப்படுகிறதா, சுரந்தது பாக்டீரியாவைக் கொல்லும் நிலையில் இருக்கிறதா என்பவை நான்கு தனித்தனிக் கேள்விகள். ஒன்றின் விடையை மற்றொன்றின் விடையாக எடுத்துக்கொள்வதே இந்தத் துறையில் குழப்பமான முடிவுகளுக்குப் பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. ஜீனின் செய்தி நகலான எம்ஆர்என்ஏ இருமடங்காகியது என்று காட்டிவிட்டு, குடலின் பாதுகாப்பு வலுவடைந்தது என்று எழுத யாருக்கும் உரிமையில்லை.

எந்தப் பெப்டைடு, எந்த எலி?

பேனெத் செல்லின் துகள்களில் முதன்மையானவை ஆல்ஃபா-டிஃபென்சின்கள். சுண்டெலியில் இவை கிரிப்டிடின்கள் எனப்படுகின்றன. மனிதப் பேனெத் செல்களில் எச்டி5, எச்டி6 என இரண்டு மட்டுமே உள்ளன. இவற்றோடு லைசோசைம், சுரக்கும் வகைப் பாஸ்போலிப்பேஸ்-ஏ2, ரெக்-3-காமா போன்ற பெரிய புரதங்களும் அதே துகள்களில் இருக்கின்றன. இவை அனைத்தும் ஒரே விதமாக இயங்குவதில்லை. ஆல்ஃபா-டிஃபென்சின்களின் உற்பத்தி பெரும்பாலும் செல்லின் உள்திட்டப்படியே நடக்கிறது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளிலும் அவை இருக்கின்றன. ரெக்-3-காமாவோ குடலில் பாக்டீரியா குடியேறிய பிறகே கணிசமாகப் பெருகுகிறது. பாக்டீரியாவை உணரும் ஏற்பிகளின் சைகையைக் கடத்தும் மைடி88 வழியும், நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-22ம் அதைத் தூண்டுகின்றன. மேலும் அதைப் பேனெத் செல்கள் மட்டுமன்றி, உறிஞ்சும் வகைக் குடல் செல்களும் உற்பத்தி செய்கின்றன. ஆகவே "நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடு கூடியதா?" என்று பொதுப்படையாகக் கேட்காமல், எது, எந்தச் செல்லிலிருந்து என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எலி இனத்தைத் தேர்வதிலும் கவனம் தேவை. பெரும்பாலான ஆய்வகங்களில் இருக்கும் சி57பிஎல்/6 எலிகளில் கிரிப்டிடின்-4 இல்லை; இயற்கையான ஒரு ஜீன் மாற்றத்தால் 2ஏ வகைப் பாஸ்போலிப்பேஸும் செயலற்றுப் போயிருக்கிறது. பழைய கட்டுரையில் வேறோர் இனத்துக்கென வடிவமைக்கப்பட்ட பிரைமரையோ (ஜீனைத் தேடிப் பெருக்கும் குறு டிஎன்ஏ துண்டு) ஆன்டிபாடியையோ அப்படியே எடுத்து இந்த எலியில் பயன்படுத்தினால், இல்லாத பொருளைத் தேடி நாட்கள் வீணாகும்.

குழிகளைப் பிரித்தெடுத்தல்

நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பேனெத் செல்கள் சிறுகுடலின் தொடக்கத்தில் குறைவாகவும் கடைப்பகுதியான இலியத்தில் மிகுதியாகவும் இருப்பதால், இலியத்தையே எடுங்கள். ஆர்கனாய்டுகள் தாம் வந்த பகுதியின் இயல்பை வளர்ப்பிலும் தக்கவைத்துக்கொள்வதால், ஒரு சோதனையில் முன்சிறுகுடலையும் மறு சோதனையில் இலியத்தையும் எடுத்தால் முடிவுகளை ஒப்பிட முடியாது. ஒவ்வோர் எலியிலும் ஒரே நீளப் பகுதியை அளந்து வெட்டுங்கள்.

எலி இறந்தவுடன் குடலைப் பனிக்கட்டியில் வைத்த பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புத் தாங்கல்) கரைசலுக்கு மாற்ற வேண்டும். குடல் எபிதீலியம் மிக விரைவில் சிதையத் தொடங்கும். நொதிகள் நிறைந்த பேனெத் செல்களும் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை. குடலை நீளவாக்கில் திறந்து, கழுவி, கண்ணாடிச் சில்லின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டிக் குடலுறிஞ்சிகளை நீக்கிவிட்டு, ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். கழுவும் நீர் தெளிவாகும்வரை குளிர்ந்த பிபிஎஸ்ஸில் அலசிய பின், 2 மில்லிமோலார் இடிடிஏ கரைசலில் பனிக்கட்டியின் மீது 30 நிமிடம் வையுங்கள். இடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் செல்களுக்கும் அடித்தளத்துக்கும் இடையிலான பிடிப்பு தளர்கிறது.

பிறகு இடிடிஏயை ஊற்றிவிட்டு, குளிர்ந்த பிபிஎஸ் சேர்த்து, 10 மில்லிலிட்டர் பிப்பெட்டால் வேகமாக உறிஞ்சி விடுங்கள். முதலில் வெளிவருவது பெரும்பாலும் குடலுறிஞ்சிகளும் உதிரிச் செல்களுமே. அதைத் தள்ளிவிட்டுப் புதிய பிபிஎஸ்ஸில் மீண்டும் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பாருங்கள். குட்டையான விரல்போல, ஒரு முனை மூடி, அந்த முனையில் மினுங்கும் கருந்துகள்கள் தெரிகிற உருவங்கள் மிகுதியாக வரத் தொடங்கும்போது அந்தப் பகுதியைச் சேகரித்து, 70 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடிகட்டி, மையவிலக்கியில் 300 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றுங்கள். இந்தத் துகள்கள்தான் நாம் தேடும் பெப்டைடுகளின் கிடங்கு. அவை தெளிவாகத் தெரியாத குழிகளை வைத்துக்கொண்டு மேலே போகாதீர்கள்.

ஆர்கனாய்டு வளர்ப்பு

கிடைத்த குடற்குழிகளை மேட்ரிஜெல் என்ற புரதக் கூழில் கலந்து, 24 குழி கொண்ட வளர்ப்புத் தட்டின் ஒவ்வொரு குழியிலும் 50 மைக்ரோலிட்டர் குவிசொட்டாக வைக்க வேண்டும். ஒரு சொட்டில் சில நூறு குடற்குழிகள் போதும். மேட்ரிஜெல் குளிரில் நீர்மமாகவும் வெப்பத்தில் கூழ்மமாகவும் இருப்பதால், அது பனிக்கட்டியிலும் தட்டு 37 டிகிரி இன்குபேட்டரிலும் முன்கூட்டியே காத்திருக்க வேண்டும். 10 முதல் 15 நிமிடத்தில் சொட்டு இறுகியதும் 500 மைக்ரோலிட்டர் வளர்ப்பு ஊடகத்தைச் சேர்க்கலாம்.

ஊடகத்தின் அடிப்படை அட்வான்ஸ்டு டிஎம்இஎம்/எஃப்12. அதில் பி27, என்2, என்-அசிட்டைல்சிஸ்டீன் ஆகியவற்றோடு, செல் வளர்ச்சியை நெறிப்படுத்தும் புரதங்களை ஒரு மில்லிலிட்டருக்கு இஜிஎஃப் 50 நானோகிராம், நாகின் 100 நானோகிராம், ஆர்-ஸ்பாண்டின்-1 500 நானோகிராம் என்ற அளவில் சேர்க்கிறோம். ஆர்-ஸ்பாண்டின் விலை மிகுந்தது. அதைச் சுரக்கும் செல் வரிசையை வளர்த்து, அந்த ஊடகத்தைப் பயன்படுத்துவது பல ஆய்வகங்களின் வழக்கம். ஆனால் ஸ்டெம் செல்களைப் பேணும் சைகைப் புரதமான விண்ட்-3ஏ, ஆர்-ஸ்பாண்டின், நாகின் மூன்றையும் ஒருங்கே சுரக்கும் எல்-டபிள்யூஆர்என் செல்களின் ஊடகத்தை இந்தச் சோதனைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியிலிருந்து விண்ட் மிகுதியாகக் கிடைத்தால் ஆர்கனாய்டுகள் மொட்டு விடாமல் உருண்டைப் பைகளாகவே வளர்கின்றன. அவற்றில் ஸ்டெம் செல்கள் மலிந்து, முதிர்ந்த பேனெத் செல்கள் அரிதாகிவிடுகின்றன. சுண்டெலியின் பேனெத் செல்கள் தாமே விண்ட்-3ஐச் சுரந்து ஸ்டெம் செல்களைப் பேணுகின்றன என்பதை 2011இல் சாட்டோ குழுவே காட்டியிருக்கிறது. மொட்டு விடும் எலி ஆர்கனாய்டுக்கு வெளி விண்ட் தேவையில்லை.

நான்காம் ஐந்தாம் நாளில் மொட்டுகள் தெளிவாக இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை பிப்பெட்டால் உடைத்துப் புதிய மேட்ரிஜெலுக்கு மாற்றுங்கள். சோதனைக்கு, மாற்றிய பின் ஒரே வயதுள்ள ஆர்கனாய்டுகளையே எடுங்கள். நாள் வேறுபட்டால் பேனெத் செல்களின் விகிதமும் மாறிவிடும்.

பேனெத் செல்கள் இன்னும் மிகுதியாக வேண்டுமானால், விண்ட் வழியைத் தூண்டும் சிஎச்ஐஆர்99021ஐ 3 மைக்ரோமோலாரும், அடுத்தடுத்த செல்களுக்கு இடையிலான நாட்ச் சைகை வழியைத் தடுக்கும் டிஏபிடியை 10 மைக்ரோமோலாரும் சேர்க்கலாம். நாட்ச் தடைபட்டால் செல்கள் சுரப்பு வகையாக மாறும். அதனுடன் விண்ட் வலுவாக இருந்தால் அவை பேனெத் செல்களாகச் சாய்கின்றன. 2014இல் வெளியான இம்முறை புரதத்தைப் பெருமளவில் பெற மிக உதவும். எனினும் அந்த ஆர்கனாய்டில் இயல்பான செல் விகிதம் இல்லை. ஒரு மருந்தோ உணவுப் பொருளோ பேனெத் செல் உருவாக்கத்தை மாற்றுகிறதா என்று கேட்கும் சோதனைக்கு அது பொருந்தாது.

சுரக்கத் தூண்டுதலும் சுரந்ததைச் சேகரித்தலும்

பலர் தடுமாறும் இடம் இது. ஆர்கனாய்டில் செல்களின் மேல்முகம் உள்நோக்கியும் அடிமுகம் வெளிநோக்கியும் இருக்கிறது. பேனெத் செல் தன் துகள்களை மேல்முகம் வழியாகவே வெளியேற்றுவதால், சுரந்த பெப்டைடு ஆர்கனாய்டின் உட்குழிவில்தான் தேங்குகிறது. வெளியே உள்ள ஊடகத்தில் இல்லை. ஊடகத்தை எடுத்து எலைசா (ஆன்டிபாடியால் புரதத்தை அளக்கும் சோதனை) செய்து "சுரப்பு இல்லை" என்று முடிவுகட்டுவது, மூடிய பானைக்குள் இருக்கும் நீரைத் தரையில் தேடுவதற்கு ஒப்பாகும்.

எந்தத் தூண்டியை எந்தப் பக்கத்திலிருந்து கொடுக்கிறோம் என்பதையும் இதே அமைப்புத்தான் தீர்மானிக்கிறது. அசிட்டைல்கோலினைப் போலச் செயல்படும் கார்பகால், செல்லின் அடிமுகத்தில் உள்ள மஸ்கரினிக் ஏற்பிகளைத் தொடுகிறது. ஆகவே அதை 10 மைக்ரோமோலார் அளவில் ஊடகத்திலேயே சேர்க்கலாம். 30 நிமிடத்துக்குள் துகள்கள் குறைவதைக் காண முடியும். இந்த ஏற்பிகளைத் தடுக்கும் அட்ரோபினை முன்கூட்டியே கொடுத்த தட்டுக்குழிகளில் இந்த விளைவு தடைபட வேண்டும்; தடைபடாவிட்டால் நீங்கள் பார்ப்பது சுரப்பு அல்ல, சிதைவு. எல்பிஎஸ் (பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு) போன்ற பாக்டீரியப் பொருள்களோ குடலின் உட்புறத்திலிருந்து வருபவை. அவற்றை நுண்ஊசியால் உட்குழிவுக்குள் செலுத்துவதே முறையாகும்.

பாக்டீரியப் பொருள்கள் பேனெத் செல்லை நேரடியாகத் தூண்டுகின்றனவா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை என்பதையும் அறிந்திருங்கள். பிரித்தெடுத்த குழிகளைக் கொண்டு அயாபே குழுவினர் 2000இல் நடத்திய சோதனைகளில், உயிருள்ள பாக்டீரியாக்களும் எல்பிஎஸ், முராமில் டைபெப்டைடு போன்றவையும் சுரப்பைத் தூண்டின. 2014இல் ஃபாரின் குழுவினர் ஆர்கனாய்டுகளில் செய்த சோதனையில், நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமாதான் துகள்களை வெளியேற்றியது; பாக்டீரியப் பொருள்கள் நேரடியாக அவ்வாறு செய்யவில்லை. இன்டர்ஃபெரான்-காமாவால் பேனெத் செல்களே உதிர்ந்து வெளியேறவும் செய்கின்றன. எனவே அதைத் தூண்டியாகப் பயன்படுத்தினால், செல் இறப்பையும் இணையாக அளக்காமல் எந்த முடிவும் சொல்லக்கூடாது.

சேகரிக்கும் முறை இதுதான். தூண்டல் முடிந்ததும் ஊடகத்தை நீக்கி, குளிர்ந்த பிபிஎஸ்ஸால் மேட்ரிஜெலைக் கரைத்து, ஆர்கனாய்டுகளை முழுமையாகக் கழுவுங்கள். பின்னர் சிறிதளவு கரைசலில், முனை குறுகிய பிப்பெட்டால் சில முறை உறிஞ்சிவிட்டு உட்குழிவைத் திறந்து, மெதுவான வேகத்தில் சுழற்றுங்கள். மேலே நிற்கும் நீர்மம் சுரந்த பகுதி. கீழே படிந்த செல்கள் சேமித்த பகுதி. இரண்டையும் தனித்தனியே அளந்து, சுரந்தது மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுங்கள். உடைக்கும்போதே செல்கள் கிழிந்து துகள்கள் கசிந்திருக்கலாம் என்பதால், செல் கிழிந்தால் மட்டுமே வெளியே கசியும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதியை மேல்நீர்மத்தில் கட்டாயம் அளக்க வேண்டும். தூண்டாத தட்டுக்குழிகளுக்கும் தூண்டிய தட்டுக்குழிகளுக்கும் அந்த அளவு ஒன்றாக இருந்தால்தான் உங்கள் சுரப்புக் கணக்கு நிற்கும்.

சுரப்பைக் கண்ணால் பார்க்கவும் ஒரு நல்ல வழி உண்டு. பேனெத் துகள்களில் துத்தநாகம் மிகுதி. துத்தநாகத்தோடு சேர்ந்தால் ஒளிரும் சிங்பைர்-1 சாயத்தை உயிருள்ள ஆர்கனாய்டுக்குக் கொடுத்தால், மொட்டின் அடியில் துகள்கள் பச்சை நிறத்தில் மின்னும். கார்பகாலைச் சேர்த்ததும் அந்த ஒளி குழிவுக்குள் சிந்துவதைக் கான்ஃபோகல் நுண்ணோக்கியில் நேரடியாகப் பின்தொடரலாம். கருவி வாய்ப்புள்ளவர்கள் இதைத் தவறவிடாதீர்கள். எண்களில் ஐயம் எழும்போது தீர்த்துவைப்பது இந்தப் படங்கள்தான்.

ஜீனையும் புரதத்தையும் அளத்தல்

எம்ஆர்என்ஏவின் அளவைக் காட்டும் கியூபிசிஆர் எளிது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சுண்டெலியில் லைசோசைம்-1 ஜீன் பேனெத் செல்லுக்குரியது, லைசோசைம்-2 பெரும்பாலும் மேக்ரோஃபேஜ்களுக்குரியது. முழுக் குடல் திசுவில் பிரைமரை மாற்றிப் போட்டால் வேறு செல்லை அளந்துவிடுவீர்கள். கிரிப்டிடின் ஜீன்கள் ஒன்றோடொன்று மிக நெருங்கியவை என்பதால், ஒரு பிரைமர் ஒன்றை மட்டுமே பெருக்குகிறது என்று வரிசைப்படுத்திப் பார்க்காமல் நம்பாதீர்கள். பேனெத் செல்களின் எண்ணிக்கையையும் ஆன்டிபாடிச் சாயமேற்றி எண்ணிக்கொள்ளுங்கள். செல் எண்ணிக்கை கூடியதால் ஜீன் அளவு கூடியதா, ஒவ்வொரு செல்லும் கூடுதலாக உழைக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

புரதத்துக்கு வரும்போது டிஃபென்சின்களின் இயல்பை மதிக்க வேண்டும். எச்டி5இன் முதிர்ந்த வடிவம் 32 அமினோ அமிலங்களே கொண்டது. நேர்மின் சுமை மிகுந்தது. மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகளால் இறுக்கப்பட்டது. புரதத்தை ஜெல்லிலிருந்து சவ்வுக்கு மாற்றி ஆன்டிபாடியால் கண்டறியும் சாதாரண வெஸ்டர்ன் பிளாட் முறையில் இத்தகைய சிறு பெப்டைடு சவ்வைக் கடந்து தொலைந்துபோகலாம். 30 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் பிரித்தெடுத்து, அமில-யூரியா ஜெல்லில் ஓட்டுவது நெடுங்காலமாகப் பயன்படும் முறை. அதில் இந்தப் பெப்டைடுகள் மற்றப் புரதங்களிலிருந்து விலகி முன்னோடுகின்றன.

முன்வடிவத்தையும் (இன்னும் வெட்டப்படாத நீண்ட புரதம்) முதிர்ந்த வடிவத்தையும் பிரித்தறிவது இன்றியமையாதது, ஏனெனில் முன்வடிவத்துக்குக் கொல்லும் திறன் மிகக் குறைவு. சுண்டெலியில் எம்எம்பி7 என்ற நொதி பேனெத் செல்லுக்குள்ளேயே முன்வடிவத்தை வெட்டி முதிரவைக்கிறது; அந்த நொதி இல்லாத எலிகளில் கிரிப்டிடின் முன்வடிவத்திலேயே தங்கிவிடுவதும், அவை சால்மொனெல்லா தொற்றுக்கு எளிதில் இரையாவதும் 1999இலேயே காட்டப்பட்டுள்ளன. அங்கே ஜீன் இயங்கியது, புரதமும் இருந்தது, பாதுகாப்பு மட்டும் இல்லை. மனிதரிலோ எச்டி5 முன்வடிவமாகவே சேமிக்கப்பட்டு, டிரிப்சினால் வெட்டப்படுகிறது. ஆகவே மனிதத் திசுவில் செல்லுக்குள் முன்வடிவம் தெரிந்தால் அது குறைபாடல்ல; எலியில் தெரிந்தால் ஐயப்பட வேண்டும்.

கொல்லும் திறனைச் சோதித்தல்

லைசோசைமுக்கு நேரடிச் சோதனை உண்டு: மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாவின் கலங்கலான கரைசலில் மாதிரியைச் சேர்த்து, 450 நானோமீட்டரில் கலங்கல் குறையும் வேகத்தை அளந்தால் போதும். டிஃபென்சின்களுக்கு, பாக்டீரியாவோடு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு அகார் தட்டில் பரப்பி உயிர் பிழைத்தவற்றை எண்ண வேண்டும்.

இந்தச் சோதனையைக் கெடுப்பவை பெரும்பாலும் சிறிய விஷயங்களே. முதலாவது, வளர்ப்பு ஊடகத்தில் வழக்கமாக இருக்கும் பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின். அதன் எச்சம் மாதிரியில் இருந்தால், பாக்டீரியா இறந்ததற்கான பெருமை பெப்டைடைச் சேராது. சோதனைக்குச் சில நாட்கள் முன்பிருந்தே ஆன்டிபயாட்டிக் இல்லாத ஊடகத்தில் வளர்த்து, இறுதியில் நன்கு கழுவுங்கள். ஆர்கனாய்டே இல்லாத வெறும் மேட்ரிஜெல் குழியையும் அதே வழியில் கொண்டுசென்று, அதன் நீர்மம் பாக்டீரியாவைக் கொல்லவில்லை என்பதை ஒவ்வொரு முறையும் காட்டுங்கள். இரண்டாவது, உப்பு. பல டிஃபென்சின்களின் செயல் உப்புச் செறிவில் மங்கிவிடுவதால், 10 மில்லிமோலார் பைப்ஸ் போன்ற உப்புக் குறைந்த, 7.4 பிஎச் தாங்கல் கரைசலில் சிறிதளவு ஊட்டக் குழம்பு சேர்த்துச் செய்வது வழக்கம். மூன்றாவது, பிளாஸ்டிக். நேர்மின் பெப்டைடுகள் பாலிஸ்டைரீன் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. பாலிப்ரொப்பிலீன் குழாய்களைப் பயன்படுத்தி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் சிறிது அல்புமின் கலந்து மாதிரியை நீர்க்கச் செய்யுங்கள்.

எந்த பாக்டீரியாவைக் கொண்டு சோதிக்கிறோம் என்பதும் பெப்டைடைப் பொறுத்தது. ரெக்-3-காமா, பாக்டீரியாவின் செல்சுவர்ப் பொருளான பெப்டிடோகிளைக்கனைப் பற்றிக்கொண்டு கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களையே கொல்கிறது, அதைக் கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவான ஈ.கோலையில் சோதித்து விளைவில்லை என்று எழுதுவது பெப்டைடுக்குச் செய்யும் அநீதி. எச்டி6 இன்னும் வேறுபட்டது. வழக்கமான சோதனைகளில் அது பெரிதாகக் கொல்வதில்லை. மாறாக நுண்ணிய நார்வலைகளாகப் பின்னி, சால்மொனெல்லாவைச் சிக்கவைத்து, செல்லுக்குள் நுழையவிடாமல் தடுக்கிறது என்று 2012இல் தெரியவந்தது. அதற்கு, தட்டில் எண்ணும் முறையை விட்டுவிட்டு, பாக்டீரியா செல்லுக்குள் நுழைவதை அளக்கும் சோதனையே வேண்டும்.

மனிதத் திசுவுக்கு மாறும்போது

இந்தப் பெப்டைடுகளை இவ்வளவு கவனமாக அளக்க வேண்டியதன் காரணம் மனித நோயில்தான் இருக்கிறது. இலியத்தைத் தாக்கும் குரோன் நோயில் (நாட்பட்ட குடல் அழற்சி நோய்) ஆல்ஃபா-டிஃபென்சின்கள் குறைந்திருப்பதை 2005இல் வேகாம்ப் குழுவினர் காட்டினார்கள். ஏடிஜி16எல்1 ஜீனின் அபாய வடிவத்தைக் கொண்ட நோயாளிகளின் பேனெத் செல்களில், துகள்கள் ஒழுங்கிழந்தோ குறைந்தோ சைட்டோபிளாசத்தில் கரைந்து பரவியோ இருப்பது 2008இல் தெரிந்தது. அங்கே பழுதுபட்டது உற்பத்தியா, அடைப்பதா, வெளியேற்றுவதா என்று பிரித்துக் கேட்பவர்களால்தான் நோயைப் புரிந்துகொள்ள முடியும்.

மனித ஆர்கனாய்டுகளுக்கு எலி ஊடகம் போதாது. வெளியிலிருந்து விண்ட்டும் வேறு சில சேர்மங்களும் தேவை. ஆனால் அந்தப் பெருக்க ஊடகத்தில் பேனெத் செல்கள் ஏறக்குறைய உருவாவதே இல்லை. இன்டர்லூக்கின்-22 சேர்த்தால் அவை உருவாகின்றன என்று 2022இல் கிளெவர்ஸ் குழுவினர் கண்டறிந்தார்கள். ஆகவே மனித ஆர்கனாய்டில் எச்டி5 கிடைக்கவில்லை என்றால், நோயாளியின் ஜீனைச் சந்தேகிப்பதற்கு முன் ஊடகத்தைப் பாருங்கள். நலமான ஒருவரின் திசுவிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டை அதே நாளில், அதே ஊடகத்தில், அதே தலைமுறை எண்ணில் (எத்தனை முறை உடைத்து மாற்றி வளர்த்தது என்ற கணக்கு) இணையாக வைத்து, அதில் லைசோசைமும் எச்டி5ம் சாயமேறுகின்றன என்பதை உறுதிசெய்த பிறகே நோயாளியின் மாதிரியை அளக்கத் தொடங்குங்கள்.